பன்னிரண்டு படங்களில் ஒரு முஷ்டி

கடிதம் நான்கே வரி.
மூன்றாவது வரியில் ‘ஆனால்’.
நான்கு வருடமாக அதே மூன்றாவது வரி,
அதே ஆனால்.
இந்த முறை காகிதம் மட்டும் கொஞ்சம் உயர்ந்த ரகம்.

பட நிதி போஸிதாருக்கு.
தொலைபேசியில் வாழ்த்தினேன், நன்றாகவே வாழ்த்தினேன்,
குரல் எங்கும் பிசகவில்லை.
வைத்த பிறகு பார்த்தால்
மெழுகுப் பலகையில் என் நகத்தின் நான்கு பிறைகள்.

நல்லவன். அதுதான் கஷ்டம்.
என் முக்காலியை இரவல் வாங்கினால்
துடைத்துத் திருப்பித் தருகிறவன்.
அயோக்கியனாக இருந்திருந்தால்
எனக்கு எவ்வளவு வசதி.

பகலில் தயிர் விளம்பரம் செய்கிறேன்.
ஒரு ஸ்பூன் எழுந்து நின்று வணங்கி
ஸ்ட்ராபெரியோடு நடனமாட வேண்டும்,
நொடிக்கு இருபத்து நான்கு படம்.
வாடிக்கையாளர் சொன்னார்:
ஸ்பூன் இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருக்கலாமே.
அதற்குப் பிறகு ஸ்பூனிடம் நான் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

வூச் என்றால் படகு.
ஊருக்குள் ஆற்றைத் தேடாதீர்கள்.
ஆலைகள் பெருகிய காலத்தில் அதை மூடித்
தெருவுக்கடியில் குழாயில் விட்டுவிட்டார்கள்.
மழை நாளில் இரும்பு மூடியில் காது வைத்தால் கேட்கும் என்பார்கள்.
நானும் வைத்திருக்கிறேன்.
கேட்டது,
அல்லது அது என் ரத்தம்.

இரவு பதினொன்றுக்கு ஸ்டுடியோ போனேன்.
பொய் சொல்வானேன், சுத்தியலோடுதான் போனேன்.
கிளெமென்ஸை உடைக்க.
கிளெமென்ஸ் இருபத்திரண்டு சென்டிமீட்டர்,
அலுமினியக் கம்பி எலும்பு,
என் பழைய கோட்டில் வெட்டிய சீருடை.
கடைசி ட்ராமைத் தவறவிட்ட ட்ராம் ஓட்டுநர்.
நான்கு வருடமாக அதே நிறுத்தத்தில் நிற்கிறான்.
எனக்குப் பணம் வந்தால்தான்
அவனுக்கு ட்ராம் வரும்.

விளக்கைப் போட்டேன்.
மணிக்கண்களில் இரண்டு வெள்ளைப் புள்ளி.
சுத்தியலைக் கீழே வைத்தது
எப்போதென்று நினைவில்லை.
அவன் வலது கையின் சுண்டுவிரலை
ஒரு மில்லிமீட்டர் மடக்கினேன்.
ஒரு படம்.
மோதிர விரல். ஒரு படம்.
சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம்.

கோபம் வந்தால் பத்து வரை எண்ணு என்கிறார்கள்.
எண்ணியிருக்கிறேன்,
பதினொன்றில் கத்தியிருக்கிறேன்.
ஒரு முஷ்டி மூடப் பன்னிரண்டு படம் வேண்டும்,
பன்னிரண்டு படத்துக்கு ஐம்பது நிமிடம்.
மூச்சுப் பட்டாலே காலர் நகர்ந்துவிடும்.
என் கை நடுங்கினால் அவன் நடுங்குவான்.
அவன் கோபப்பட வேண்டுமென்றால்
நான் கோபப்படக் கூடாது.
வேலைப் பிரிவினை அப்படி.

இரண்டு மணிக்கு அவன் தோள் ஏறியது.
மூன்றரைக்கு இடது கையால் தொப்பியைக் கழற்றி
வராத ட்ராமின் மேல் எறிந்தான்.
தொப்பியை நூலில் தொங்கவிட்டேன்.
காற்றில் ஒன்பது படம்.
பத்தாவதில் விழுந்தே ஆக வேண்டும்,
விழவிடத்தான் மனமில்லை.

விடிந்தபோது மூன்றேகால் நொடி இருந்தது.
ஓட்டிப் பார்த்தேன்.
நாற்பத்தோராவது படத்தில்
என் சட்டைக் கை ஓரமாக உள்ளே வந்திருக்கிறது,
ஒரு நொடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு.
யார் கண்ணிலும் படாது.
அழிக்கலாம்.
அழிக்கவில்லை.

ஆறிவிட்டதா என்றான் திமோதெயுஷ், காபியை நீட்டியபடி.
காபி ஆறிவிட்டது.
மற்றது அடியில் குழாயில் ஓடுகிறது.
போஸிதாரின் படம் வரும்,
நன்றாகவும் இருக்கும், சந்தேகமேயில்லை,
எழுந்து நின்று கைதட்டுவேன், வயிறு எரியும்.
சுத்தியல் வீண்போகவில்லை;
பின்னணித் திரையின் ஒரு மூலை தொங்கிக்கொண்டிருந்தது,
ஆணி அடித்தேன்.

ஒன்பது மணிக்கு ஸ்பூன்.
கிண்ணத்தின் விளிம்பில் சாய்ந்தபடி
மகிழ்ச்சிக்காகக் காத்திருக்கிறது.
போக வேண்டும்.
கிளெமென்ஸின் வலது கை மூடியே இருக்கிறது.
அதைத் திறக்கவும் படம் எடுக்க வேண்டும்,
மூடியதைவிட அதிகம் பிடிக்கும்,
அனுபவத்தில் சொல்கிறேன்.